பள்ளியின் மனநல முடிவுகளில் மாணவர்களைச் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளின் மன நிம்மதியைத் தொடும் முடிவுகளைப் பள்ளி எடுக்கும்போது, ஒரு மாணவர் குழுவை அமைத்து அவர்களையும் சேர்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லப் போகிறேன். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனியார் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும். நான் ஒரு பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியில் மூன்று கல்வியாண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். பக்கத்தில் இரண்டு பள்ளிகள் தொடங்கியபோது கூடவே இருந்து பார்த்தேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். முதல் நாளே பிள்ளைகளை உட்கார வைத்து, “மனசு விட்டுப் பேசுங்க” என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளும் நம்பிப் பேசிவிடுகிறார்கள். கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்புறம் யாருக்கும் தெரிவதில்லை. ஒருமுறை பேசிப் பதில் கிடைக்காத பிள்ளை மறுபடி வாய் திறக்காது. அதனால் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை முதலில், பிள்ளைகள் வருவது பிறகு. கீழே உள்ளவற்றில் முதல் நான்கு படிகளும் ஒரு மாணவரைக்கூட அழைப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

தேவையானவை அதிகம் இல்லை. பொறுப்பெடுக்க இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவராவது பெண். பதினைந்து நாளுக்கு ஒரு பீரியட். கதவு சாத்தக்கூடிய, ஆனால் சன்னல் வழியே உள்ளே தெரியக்கூடிய ஓர் அறை. கோடு போட்ட நீள நோட்டு ஒன்று. தலைமை ஆசிரியரின் முழுச் சம்மதம். கடைசியாகச் சொன்னது இல்லை என்றால் தொடங்கவே வேண்டாம்.

1. முதலில் பாதுகாப்பு வழியை எழுதி வையுங்கள்

கழிப்பறை பற்றிக் கேட்டாலும் சரி, தேர்வு பற்றிக் கேட்டாலும் சரி, ஏதோ ஒரு நாள் ஒரு பிள்ளை அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லும். வீட்டில் அடி, யாரோ தொட்டது, சாக வேண்டும் போலிருப்பது. அந்த நிமிடத்தில் யோசிக்க ஆரம்பித்தால் தாமதமாகிவிடும்.

ஒரு பக்கத் தாளில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். சொன்னதைக் கேட்ட ஆசிரியர் அன்றே யாரிடம் சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் அடுத்து யார். எந்த எண்ணை அழைப்பது. குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறார் என்பதை நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி, விஷயம் தெரிந்தவர் எவரானாலும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தந்தாக வேண்டும். தலைமை ஆசிரியர் அனுமதி தரும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பிரிவு 21இன்படி தண்டனைக்குரிய குற்றம். உண்மையா பொய்யா என்று நாமே விசாரிக்கவும் கூடாது. ஒரே கதையை நான்கு ஆசிரியர்களிடம் திரும்பச் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் இரண்டாவது கொடுமை.

சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பெற்றோரை வரவழையுங்கள். ஆனால் ஆபத்தே வீட்டில்தான் என்று பிள்ளை சொன்னால் முதல் அழைப்பு வீட்டுக்குப் போகக் கூடாது, 1098க்குப் போக வேண்டும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், தைரியமா சொல்லு” என்று வாக்குக் கொடுப்பது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. எங்கள் பள்ளியில் பொறுப்பாசிரியர்கள் இப்படிச் சொல்லப் பழகிக்கொண்டோம்: “நீ சொல்றத ஊரெல்லாம் பரப்ப மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்.” இதைக் கேட்ட பிறகும் பிள்ளைகள் சொல்லத்தான் செய்கிறார்கள். ஏமாந்தோம் என்ற எண்ணம் மட்டும் வருவதில்லை.

2. எந்த முடிவில் பிள்ளைகளுக்கு எவ்வளவு பங்கு என்று கோடு போடுங்கள்

நீள நோட்டின் முதல் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில், பிள்ளைகளே முடிவெடுப்பவை. இரண்டாவதில், சேர்ந்து பேசி முடிவெடுப்பவை. மூன்றாவதில், அவர்கள் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவைப் பள்ளி எடுப்பவை. ஒவ்வொன்றிலும் பெயர் சொல்லி நான்கைந்து விஷயங்களை எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் பக்கம் இப்படி இருந்தது. பிள்ளைகளே முடிவெடுப்பது: வகுப்பில் உட்காரும் இடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, மதிய இடைவேளையில் நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது, மனநல வாரத்தில் என்ன செய்வது. சேர்ந்து முடிவெடுப்பது: ஒரே நாளில் எத்தனை வகுப்புத் தேர்வு வைக்கலாம், மார்க்கை எப்படிச் சொல்வது, பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கலாமா, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் முறை. கருத்து மட்டும் கேட்பது: ஸ்பெஷல் கிளாஸ் நேரம், செலவு பிடிக்கும் கட்டட வேலை.

எந்தப் பகுதியிலும் சேராதவற்றையும் எழுதுங்கள். தனி ஒரு மாணவரின் பிரச்சினை, ஒருவருக்குத் தரும் தண்டனை, ஆலோசகரிடம் யார் போகிறார்கள் என்பது. இவை எதுவும் மாணவர் குழுவின் மேசைக்கு வரக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார்? முதல் ஆண்டு நான் கோடு போடவில்லை. “எதுவானாலும் சொல்லுங்க” என்றேன். முதல் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸை நிறுத்தச் சொன்னார்கள். அது எங்கள் கையில் இல்லாத விஷயம். முடியாது என்று சொன்ன அந்தப் பத்து நிமிடத்தில் குழுவின் உயிர் போய்விட்டது. அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் பிள்ளைகள் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

காசு செலவில்லாமல் 15 நாளில் செய்து முடிக்கக்கூடிய ஒன்றையாவது முதல் பகுதியில் வைத்திருங்கள். சொன்னது நடக்கும் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்ணால் பார்க்க வேண்டும்.

3. ஆசிரியர் அறையில் பேசுங்கள்

ஆசிரியர்களுக்கு ஒரே பயம்தான்: “பிள்ளைங்க நம்மளப் பத்திப் புகார் சொல்லப் போறாங்க.” அந்தப் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். குழுவில் ஆசிரியர் பெயர் வராது; வழக்கங்கள் மட்டுமே வரும். ‘மார்க்கைச் சத்தமாகப் படிக்கும் வழக்கம்’ என்று வரும், இன்னார் படிக்கிறார் என்று வராது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அப்படி ஒரு புகார் வந்தால் அது குழுவுக்கு வராது, தலைமை ஆசிரியர் வழியாக வேறு பாதையில் போகும். மூடி மறைக்கப்படாது.

“எங்க மனநலத்த யாரு கேக்குறா?” என்று ஒரு மூத்த ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினோம். தன் களைப்பைப் பற்றிப் பேச இடம் கிடைத்த பிறகுதான் பிள்ளைகளின் களைப்பைக் கேட்க அவருக்கு மனம் வந்தது. இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள்.

4. பெற்றோரிடம் சொல்லும் விதம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்தக் கூட்டத்தில் வைத்தாலே பாதி வேலை முடியும்.

‘மனநலம்’ என்ற சொல்லை முதல் வரியில் போடாதீர்கள். “எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா?” என்று ஒரு தாய் கண் கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளியில் பயமில்லாமல், நிம்மதியாக இருக்க என்ன மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்கப் போகிறோம் என்று சொன்னால் புரிகிறது. நோயைக் கண்டுபிடிக்கும் வேலை இது இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குழுவில் சேரும் பிள்ளையின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக வந்து உட்காரும் பிள்ளையால் யாருக்கும் பயனில்லை.

5. குழுவைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தவறு செய்கிறோம். “நல்லாப் பேசுற பசங்கள அனுப்புங்க” என்று வகுப்பாசிரியரிடம் சொன்னால் யார் வருவார்கள் என்று நமக்கே தெரியும். கிளாஸ் லீடர், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண், முதல் ரேங்க் பையன். அவர்களுக்குப் பள்ளி ஏற்கெனவே நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு எந்த மணியில் வயிறு கலங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

தேர்தலும் வேண்டாம். தேர்தல் என்றால் தெரு, சாதி, யார் அண்ணன் யார் என்பதெல்லாம் வந்துவிடும். பள்ளிகளில் சாதி மோதல் பற்றி அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொன்னது ஏன் என்று தென் மாவட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை அதிகமுள்ள தெருவே குழுவாக மாறிவிட்டால், யாருக்கு அந்தக் குழு மிகவும் தேவையோ அவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

நாங்கள் பின்பற்றுவது சமூக அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் குடவோலை முறை. விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதிப் போடலாம். 6 முதல் 12 வரை வகுப்புக்கு இரண்டு இடம். இருபாலர் பள்ளி என்றால் பெண் ஒருவர், ஆண் ஒருவர். அந்தந்த வகுப்பின் முன்னால், சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையால் சீட்டு எடுக்கிறோம். மொத்தம் 14 பேர். தேர்வானவர்களுக்குப் பேட்ஜ் கிடையாது. பேட்ஜ் குத்தினால் அது இன்னொரு லீடர் பதவி ஆகிவிடும்.

மேலும் நான்கு இடங்கள் தனி. விடுதியிலிருந்து வருபவர், தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவர், மாற்றுத்திறனாளி மாணவர், இடையில் நின்று மீண்டும் சேர்ந்தவர். இவர்களுக்குள்ளும் விருப்பம் கேட்டுச் சீட்டுத்தான். ‘இவளுக்கு வீட்ல பிரச்சினை, அதனால இவளைப் போடலாம்’ என்று எந்தக் காரணத்தைக் கொண்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தக் காரணம் ஒரே நாளில் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளிகளில் மகிழ் முற்றம் திட்டத்தில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்கள் ஏற்கெனவே உண்டு. செய்தியைக் கொண்டுசேர்க்க அவை நல்ல வழி. ஆனால் அதன் தலைவர்களையே இந்தக் குழுவாகவும் வைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன அதே சிக்கல் திரும்பி வரும்.

6. மனதைக் கேட்காதீர்கள், நாளைக் கேளுங்கள்

“உனக்கு மன அழுத்தம் இருக்கா?” என்று கேட்டால் பிள்ளைகள் “இல்ல மிஸ்” என்பார்கள். சில பேர் சிரிப்பார்கள். அழுத்தத்தை அளக்கும் கேள்வித்தாளை இணையத்தில் எடுத்துக் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். விடையைப் படித்துப் புரிந்துகொள்ளப் பயிற்சி பெற்றவர் இல்லாமல், யாருக்கு எவ்வளவு துயரம் என்று தாள் தாளாகச் சேர்த்து வைப்பது ஆபத்து.

அதற்குப் பதில், பள்ளிக்கூடத்தின் வரைபடத்தைத் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரையுங்கள். காலை பிரேயரிலிருந்து கடைசி மணி வரை நேரத்தை ஓரத்தில் எழுதுங்கள். புளியங்கொட்டையும் சின்னக் கல்லும் கொடுங்கள். நிம்மதியாக இருக்கும் இடத்திலும் நேரத்திலும் கொட்டை, எப்போது முடியும் என்று தோன்றும் இடத்திலும் நேரத்திலும் கல். காரணம் சொல்ல விரும்பினால் சொல்லலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

முதல் முறை இதைச் செய்தபோது நான் கற்களைத் தேர்வு அறையில் எதிர்பார்த்தேன். அங்கேயும் இருந்தன. ஆனால் பெண்கள் கழிப்பறையின் மூன்றாவது கதவில் கற்கள் குவிந்துவிட்டன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கல்லை நகர்த்திக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “தாழ்ப்பா இல்ல மிஸ். யாராச்சும் வெளிய நின்னு புடிச்சுக்கணும். நான் ஸ்கூலுக்கு வந்தா தண்ணியே குடிக்க மாட்டேன்.” மூன்று மணிக்கு மேல் அவளுக்குத் தினமும் தலைவலி. கணக்குப் பீரியடில் தூங்குகிறாள் என்று நானே அவளை இரண்டு முறை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் பொருத்த அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மனநலம் பற்றிய கேள்வித்தாள் எதிலும் அது வந்திருக்காது.

தேர்வு பற்றியும் இதே மாதிரி நுணுக்கமாகக் கேளுங்கள். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி. 2022இல் நாடு முழுவதும் 3.79 லட்சம் மாணவர்களிடம் எடுத்த ஆய்வில், படிப்பும் தேர்வும் முடிவுகளுமே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆக, தேர்வு பயமுறுத்துகிறது என்பது தெரிந்த செய்தி. உங்கள் பள்ளியில் தேர்வின் எந்தத் துண்டு பயமுறுத்துகிறது என்பதே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது. எங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு எழுதுவதைவிட, திருத்திய தாளைக் கொடுக்கும் விதம்தான் பெரிய பயமாக இருந்தது.

இந்த வேலையை 6-8 வகுப்புகளுக்குத் தனியாக, 9-12க்குத் தனியாக நடத்துங்கள். அண்ணா, அக்காக்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளை கல்லை வைக்கும். பெண்களும் ஆண்களும் தனித்தனியாகச் செய்துவிட்டு அப்புறம் ஒன்றாகப் பார்க்கலாம்.

நேரில் சொல்ல முடியாததற்கு ‘மாணவர் மனசு’ பெட்டி பள்ளியில் இருக்கும். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தலைமை ஆசிரியர் அறைக்கு எதிரே இருந்தால் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, நூலகம் மாதிரி எல்லோரும் சாதாரணமாகப் போய் வரும் இடத்துக்கு மாற்றுங்கள். கையெழுத்து தெரிந்துவிடும் என்ற பயம் இருப்பதால், டிக் மட்டும் போடக்கூடிய அச்சிட்ட சீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியைத் திறப்பது பொறுப்பில் உள்ள பெரியவர்கள்தான். அதில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

7. கூட்டத்தை நடத்தும் முறை

பள்ளி நேரத்துக்குள் நடத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் வைத்தால் சத்துணவு சாப்பிடும் பிள்ளை வராது. கடைசி மணிக்குப் பிறகு வைத்தால் பஸ் பிடிக்கும் பிள்ளை வராது. ஒரே பீரியடைத் தொடர்ந்து எடுக்காமல் சுழற்சியில் எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட ஆசிரியர் மட்டும் எரிச்சல் படுவார், அது பிள்ளை மேல் திரும்பும்.

வட்டமாகத் தரையில் உட்காருங்கள், ஆசிரியரும் தரையில்தான். ஒரு கூட்டத்தில் ஒரே விஷயம். குறிப்பு எழுதுவது பிள்ளைகள், சுழற்சி முறையில். பேச விருப்பமில்லாதவர் ‘அடுத்தவர்’ என்று சொல்லிக் கடந்து போகலாம்.

ஒரு விதியைத் தவறாமல் கூட்டத் தொடக்கத்தில் படிக்க வேண்டும்: இடம், நேரம், வழக்கம் பற்றிப் பேசுவோம், ஆளைப் பற்றிப் பேச மாட்டோம். “என் பிரெண்ட் ஒருத்தி கைய கிழிச்சுக்கிட்டா மிஸ்” என்று யாராவது தொடங்கினால் அன்போடு நிறுத்தி, கூட்டம் முடிந்ததும் தனியாகப் பேசுங்கள். முதல் படியில் எழுதிய தாள் அப்போது வேலைக்கு வரும். அந்தத் தோழியின் கதை பதினேழு பேர் காதில் விழுவதால் அவளுக்கு நன்மை இல்லை.

ஆசிரியர் கடைசியில் பேசுங்கள். இது எனக்கே மிகவும் கஷ்டமாக இருந்த விஷயம். பிள்ளை ஒரு குறையைச் சொன்னதும் அதற்கான காரணத்தை விளக்க நாக்கு துடிக்கும். விளக்கினால் பிள்ளை ‘சரிங்க சார்’ என்று அடங்கிவிடும், விஷயமும் அத்தோடு முடிந்துவிடும். அமைதி வந்தால் மனதுக்குள் இருபது எண்ணுங்கள். பெரும்பாலும் பதினைந்தைத் தாண்டும் முன் யாராவது பேசுவார்கள்.

8. பதினைந்து நாளில் பதில் சொல்லுங்கள்

முழு வேலையிலும் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். குழந்தைகளின் பங்கேற்பு பற்றி 2007இல் குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி நான்கு விஷயங்களைச் சொன்னார்: பேச இடம், பேசும் குரல், கேட்கும் செவி, பேச்சுக்குக் கிடைக்கும் பலன். நம் பள்ளிகள் முதல் இரண்டில் நின்றுவிடுகின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் நேரில் கேட்க வேண்டும்; கேட்டதற்குப் பலன் தெரிய வேண்டும். அதனால் மாதம் ஒருமுறை கடைசிப் பத்து நிமிடம் தலைமை ஆசிரியர் வந்து வட்டத்தில் உட்கார வேண்டும்.

பதில் மூன்று வகைதான். ஆமாம், இந்தத் தேதிக்குள் செய்கிறோம். பாதி முடியும், இந்தப் பாதி. முடியாது, காரணம் இது. மூன்றில் எதுவானாலும் எழுத்தில் அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டும், குழுவில் ஒரு பிள்ளை அதைப் பிரேயரில் படிக்க வேண்டும். ‘பரிசீலிக்கிறோம்’ என்பது பதில் இல்லை.

‘முடியாது’ என்று சொல்லப் பயப்படாதீர்கள். மார்க்கை வகுப்பில் சத்தமாகப் படிக்கக் கூடாது, திருத்திய தாளைக் கவிழ்த்துக் கொடுக்க வேண்டும், ரேங்க் பட்டியல் ஒட்டக் கூடாது என்று குழு மூன்று கேட்டது. முதல் இரண்டுக்கும் ஆமாம். மூன்றாவதற்கு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இந்த ஆண்டு முடியாது, பெற்றோர் கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் சொல்ல முடியும் என்று எங்கள் தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைப் பிரேயரில் படித்தான். ‘முடியாது’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் காரணத்தைப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்துதான் நின்றான். அந்த வாரம் பெட்டியில் எப்போதையும்விட அதிகமாகச் சீட்டு விழுந்தது.

9. ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள்

செய்த மாற்றம் பலன் தந்ததா என்று அதே சாக்பீஸ் வரைபடத்தில் பாருங்கள். கல் குறைந்திருக்கிறதா, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறதா?

நல்ல யோசனையும் கெட்டுப் போகும். மனசு சரியில்லாதவர்கள் கொஞ்ச நேரம் உட்கார என்று நூலக மூலையில் பாய் விரித்தோம். இரண்டு வாரத்தில் அதற்கு ‘அழுகுற ரூம்’ என்று பெயர் வந்துவிட்டது, யாரும் போகவில்லை. எடுத்துவிடலாம் என்றேன். குழுப் பிள்ளைகள்தான் தடுத்தார்கள். அங்கே செஸ் போர்டு, பல்லாங்குழி, செய்தித்தாள் வைக்கச் சொன்னார்கள். இப்போது விளையாடப் போகிறவனும் அங்கேதான் இருக்கிறான், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியவனும் அங்கேதான் இருக்கிறான். யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தீர்வு பெரியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

10. குழுப் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்

குழுவில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் மற்ற பிள்ளைகள் அவளிடம் வந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். “அக்கா, எனக்கு வாழவே புடிக்கல” என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை பதினொன்றாம் வகுப்புப் பெண்ணிடம் சொன்னால், அந்தப் பெண் அந்த இரவு தூங்குவாளா?

எனவே முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள்: நீங்கள் ஆலோசகர்கள் இல்லை, யாருடைய ரகசியத்தையும் சுமக்க வேண்டியவர்கள் இல்லை. யாராவது சொன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: “வா, மிஸ்கிட்ட போவோம், நானும் கூட வர்றேன்” என்று சொல்லி அன்றே அழைத்து வருவது. வர மறுத்தால் தனியாக வந்தாவது சொல்லிவிட வேண்டும். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. இதை ஜோடி ஜோடியாக நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லிப் பழகினால்தான் அந்த நேரத்தில் வார்த்தை வரும்.

பதவிக்காலம் ஓராண்டு. 10, 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பருக்குப் பிறகு வர விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். யாரும் எப்போதும் காரணம் சொல்லாமல் விலகலாம்.

மார்ச்சில் கடைசிக் கூட்டத்தில் நீள நோட்டைத் திறந்து, பதில் வராத விஷயங்களை மட்டும் சிவப்பு மையில் ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜூனில் புதுக் குழு உட்கார்ந்ததும் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கம்தான். எங்கள் நோட்டில் இந்த ஆண்டு அதில் இரண்டு வரி இருக்கிறது. ஒன்று, ரேங்க் பட்டியல். இன்னொன்று, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் மாலையில் வெளிச்சம் இல்லை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து போகப் பயமாக இருக்கிறது.